பற்றரியில் பிழை இல்லை, மகன்

மகன்,

சென்ற கிழமை வினோதினி இங்கே வந்து போனாள். கலியாணக் கூறைச் சேலைக்கு நிறம் பார்க்க என்னையும் கூட்டிப்போக வந்ததாகச் சொன்னாள். செங்கலடியில் பஸ் ஏறி, மட்டக்களப்பில் இறங்கி, வலையிறவுப் பாலம் தாண்டி, நல்ல வெயிலில் ஓட்டோவில் குலுங்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் அப்போது கொட்டிலுக்குள் சட்னிக்குப் போகிற மாங்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவளும் சாக்கில் குந்தி, காயை ஒவ்வொன்றாக எடுத்துத் தரத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் ஊர்ப் புதினம் பேசினாள். பிறகு, "மாமி, ஒண்டு கேக்கட்டா? கோவிக்கக் கூடா" என்றாள்.

"கேள் புள்ள."

"அவர் பிள்ளை பெறப் பயப்பிடுறார் மாமி. தன்னை நம்பி ஒருத்தரும் இரிக்கக் கூடாதாம். தன்னாலதான் அப்பா செத்தவராம். ஒரு பற்றரி கொண்டுவராததால எண்டு சொல்றார். அது உண்மையா?"

நான் கையில் இருந்த காயைப் பார்த்தேன். காம்பு ஒரு விரற்கடை நீளத்துக்குச் சரியாக நின்றது. அதைக் கூடைக்குள் வைத்தேன். "இல்ல புள்ள" என்றேன். அதற்குமேல் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லாததை அவளுக்கு முதலில் சொல்வது சரியில்லை என்று பட்டது. "நான் அவனுக்கு எழுதுறன்" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு இருவரும் போய்ச் சேலை பார்த்தோம். எந்த நிறம் எடுத்தோம் என்று இப்போது கேட்டால் எனக்கு நினைவில்லை.

இதை நான் அழுதுகொண்டு எழுதுவதாக நினைக்காதே. அப்பா செத்த அன்றும் எனக்கு அழுகை வரவில்லை, இந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் வரவில்லை. அது உனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் நீ என்னை எடைபோட்டாய், அதில் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்னொன்று. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஊரில் எல்லோரும் வாசிக்கிற கிழமைப் பத்திரிகைக்கும் கொடுக்க நினைத்திருக்கிறேன். உன்மேல் அந்தப் பழியை நாலு பேருக்கு முன்னால்தான் போட்டார்கள். அறைக்குள் இருந்து உன் காதில் மட்டும் சொல்லி அதை எடுக்க முடியாது. ஆனால் முதலில் உன் கைக்குத்தான் வரும். நீ போடச் சொன்னால்தான் போடுவேன்.

நம்முடைய தோட்டம் எப்படி வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது நீ கைக்குழந்தை. சுற்றிவர எல்லோரும் வயல் வட்டையில் இறங்கி வேளாண்மை செய்யத் தொடங்கினார்கள். எங்களுக்குக் கிடைத்தது வயலுக்கு மேலே நெல் விளையாத மேட்டு நிலம். அப்பா அதில் மாங்கன்றும் கொய்யாவும் வைத்தார். பகிடி பண்ணாத ஆள் இல்லை. ஐந்தாம் வருடம் காய்த்தபோது, சந்தைக்குக் கொண்டுபோனால் கிளிச்சொண்டு மாங்காயை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழமாகத் தின்ன அது அவ்வளவு நன்றாக இராது. அப்போதுதான் ஏறாவூரில் சட்னியும் ஜாமும் போடுகிற சுபைதா ராத்தாவை எனக்குத் தெரியவந்தது. தன் வீட்டு வளவுக்குள் ஒரு பெரிய அடுப்படி கட்டி, பத்துப் பன்னிரண்டு பெண்களை வைத்துத் தொழில் செய்கிறவ. கொழும்புக் கடைகளுக்கெல்லாம் அவவின் போத்தல் போகும்.

முதல் முறை நான் ஏற்றிக்கொண்டு போன காயில் பாதியை அவ திருப்பித் தந்துவிட்டா. ஒரு காயை வெட்டிக் காட்டினா. நடுவில் மஞ்சள் ஏறியிருந்தது. "தங்கச்சி, இது பழம். எனக்குக் காய் வேணும். இத அடுப்பில வெச்சா கரைஞ்சி கூழாப் போயிரும். துண்டு துண்டா நிண்டாத்தான் சட்னி. ஜாமுக்கெண்டா நல்லாப் பழுக்கட்டும், நான் வேணாமெண்டு சொல்லல. ரெண்டுக்கும் நடுவில நிக்கிறத மட்டும் கொண்டுவராதீங்க." அன்றிலிருந்து எனக்கு அந்த இரண்டு மூன்று நாள் கணக்குத் தலைக்குள் ஏறிவிட்டது. முத்தியிருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. ஒரு மரத்தில் அந்தப் பதம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதற்குள் பிடுங்கி, காம்பைக் கீழே பார்க்க வைத்துப் பால் வடியவிட்டு, அடிபடாமல் அடுக்கி அனுப்பிவிட வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் என்று படுத்த ஒரு நாளும், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய ஒரு நாளும் நான் மரத்தடியில்தான் நின்றேன். அதை இப்போது நியாயப்படுத்த வரவில்லை. பதம் போய்விடும் என்ற நினைப்பு எனக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அப்பா அப்படி இல்லை. அவருக்கு மரத்தில் காய் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். "ரெண்டு நாள் நிக்கட்டும், ஓடியா போகப்போகுது" என்பார். எங்களுக்குள் வந்த சண்டையில் பாதி இதனால்தான். பெரிய சத்தம் இருக்காது, அதை நீ கண்டிருக்கிறாய். இருவரும் கதைப்பதை நிறுத்திவிடுவோம். சோறு போட்டு வைப்பேன், அவர் சாப்பிட்டு எழும்புவார். ஒரு நாள், இரண்டு நாள், பிறகு தானாகச் சரியாகும். அதை நாங்கள் ஒரு பெரிய விஷயமாக எண்ணவில்லை. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற வீடுகளைவிட எங்கள் வீடு நல்ல வீடு என்றுகூட நான் நினைத்திருந்தேன்.

இனி அந்தக் கிழமைக்கு வருகிறேன். நீ வந்தாறுமூலைக் கம்பஸில் இரண்டாம் வருடம். யானை வேலிக்கு மின்சாரம் கொடுக்கிற பற்றரி பழசாகிவிட்டது, செங்கலடியில் ஒன்று வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வா என்று அப்பா உனக்குப் போன் எடுத்தார். நீயும் ஓம் என்றாய். பிறகு சனிக்கிழமை காலையில் எடுத்து, கூட்டாளிமாரோடு பாசிக்குடாவுக்குப் போவதாகவும் திங்கட்கிழமை கட்டாயம் வருவதாகவும் சொன்னாய். அப்பா ஏசவில்லை. போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "பொடியன் கடல் குளிக்கப் போறானாம். போகட்டும். பற்றரி இன்னம் ஒரு மாசத்துக்குக் கிடக்கும்" என்றார். பிறகு வேலிப் பெட்டியைத் திறந்து, பற்றரியின் முனையில் பூத்திருந்ததைச் சுரண்டித் துடைத்து, மறுபடி பூட்டினார். பெட்டி டிக் டிக் என்று சத்தம் போட்டது. கம்பியில் புல் நுனியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா அடிக்குது" என்று கையை உதறினார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன், மகன். பற்றரியில் பிழை இல்லை. புதுப் பற்றரி அளவுக்கு இல்லைத்தான், ஆனால் யானையை நிறுத்தப் போதுமான அளவுக்கு இருந்தது.

அன்று மத்தியானம்தான் எனக்கும் அவருக்கும் காய் பிடுங்குவதில் இழுபறி வந்தது. பின்பக்க மரங்களில் பதம் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமையே பிடுங்க வேண்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை போதும் என்றார். நான் அவரைக் கேளாமல் காய் பிடுங்க வருகிற பெண்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பெண்கள் பின்பக்கக் குறுக்குப் பாதையால் வெள்ளாப்பில், விடிகிற நேரத்திலேயே வந்துவிடுவார்கள். முன்னொரு முறை அவர்களில் ஒருத்திக்குக் கம்பி கையில் பட்டு அடித்துவிட்டது. அதனால் அவர்கள் வருகிற நாளில் வேலியை அணைத்துவைக்க வேண்டும். எப்போதும் அப்பாதான் வெளிச்சம் வரும்போதே போய், சுற்றிப் பார்த்துவிட்டு அணைப்பார். அன்று அவரோடு கதையில்லை. நாளைக்கு அணையுங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் எழும்பி அவ்வளவு தூரம் நடக்கவும் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. சனிக்கிழமை அந்தியில், மாடு கட்டிவிட்டு வருகிற வழியில், பெட்டியைத் திறந்து சுவிச்சை நானே அணைத்தேன். டிக் டிக் சத்தம் நின்றது. வீட்டுக்குள் வந்தேன். அப்பா வாசலில் இருந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "வேலிய அணைச்சிட்டன்" என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல்தான். சொன்னால் நான்தான் முதலில் கதைத்ததாகிவிடும். அவர் கதைக்கட்டும் என்று அவரைக் கடந்து உள்ளே போனேன்.

ஞாயிறு வெளிச்சம் வரும்போது அவர் எழும்பிப் பின்பக்கம் போனார். நான் பிடுங்கச் சொன்ன மரங்களைப் பார்க்கத்தான் போயிருக்கிறார். கோபம் இருந்தாலும் வேலை நடக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவர். வேலி போட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில், சுற்றுமுற்றும் பாராமல் நேரே உள்ளே போயிருக்க வேண்டும். கொய்யா மரங்களுக்குப் பின்னால் ஒரு தனியன் யானை நின்றது. எனக்கு அடுப்படியில் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. அவர் காய் பறிக்கிற கொக்கத்தடியால் இழுக்கிறார், கோபத்தில் கொப்பை முறிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் "ஏய்" என்று ஒரு தரம் கத்தியது கேட்டது. பிறகு பாதையால் வந்துகொண்டிருந்த பெண்கள் குளறிய சத்தம். நான் போனபோது யானை வேலிக்கு அப்பால் போய்விட்டது. மற்றதை எழுதமாட்டேன். பத்து மணிக்கு வந்து நீயும் பார்த்தாய்.

நீ வருவதற்கு முன் நடந்ததை எழுத வேண்டும். அயலட்டையில் சொல்ல நான் வீட்டுப் பக்கம் ஓடி வந்தேன். வழியில் வேலிப் பெட்டி. என் கை போய் அதைத் திறந்து சுவிச்சைப் போட்டது. யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, யோசியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை. போட்டுவிட்டு, பெட்டியின் கதவைச் சாத்தி, கொக்கியையும் மாட்டினேன். கொக்கி மாட்டியது நல்ல நினைவிருக்கிறது. பிறகுதான் கத்தினேன்.

யாராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று சில வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். கேட்டார்கள். யானை விஷயம் பார்க்க வந்த உத்தியோகத்தர், "அம்மா, வேலி போட்டா இருந்தது?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சுவிச் போட்டிருந்தது, கம்பி அறுந்து கிடந்தது, பற்றரி பழசு. அவர் வேறு எதைச் சொல்வார்? பற்றரி பலம் காணாது, அதுதான் யானை உள்ளே வந்திருக்கிறது என்றார். அந்த ஒரு வார்த்தை முற்றத்தில் நின்றவர்களிடம் போய், பற்றரி வாங்கிவரச் சொன்னது யாருக்கு, வராமல் போனது யார் என்று உன்னிடம் வந்து நின்றது. நீ தலைமயிரில் கடல் உப்புக் காயாமல் வந்திருந்தாய். பெரியப்பா உன்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். கொள்ளிச் சட்டியை எடுத்து உன்னிடம் கொடுக்கும்போது அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஒரு பற்றரி தூக்க ஏலாத கை, இதை மட்டும் தூக்குமோ?" நீ தூக்கினாய். நான் பெண்களுக்கு நடுவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலில் எறும்பு ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுடலையால் வந்து நீ என்னருகில் இருந்து கேட்டாய். "அம்மா, நான் சனிக்கிழமை வந்திருந்தா அப்பா இரிப்பார் என்ன?" அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அப்போது ஒருவரும் பக்கத்தில் இல்லை. நான், "சாப்பிட்டியா மகன்?" என்றேன்.

மூன்றாம் நாள் நான் காய் பிடுங்கினேன். ஊர் முழுக்க அதைக் கதைத்தது, நீயும் கண்டாய். சுபைதா ராத்தா அன்று ஏறாவூரிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, இந்த முறை எனக்கு வேணாம். நான் வேற இடத்தில எடுத்துக்கிறன். நீங்க இரிங்க" என்றா. "இல்ல ராத்தா, காய் பழுத்திரும்" என்றேன். மாங்காய்ப் பால் மணிக்கட்டில் வழிந்து தோல் வெந்து உரிந்தது. வேறு நாளாக இருந்தால் உடனே தண்ணீரில் கழுவியிருப்பேன். அன்று அது சுடவே இல்லை. ராத்தாதான் கண்டுவிட்டு எண்ணெய் பூசிவிட்டா. அப்போது நீ கொட்டில் வாசலில் வந்து நின்று, "அம்மாக்கு மாங்காய்தான் பெரிசு" என்று சொல்லிவிட்டுப் போனாய். பிடுங்காமல் விட்டால், எந்தக் காய்க்காக அவரோடு பிணங்கினேனோ அது மரத்திலேயே பழுத்து விழுவதைப் பார்க்க வேண்டும். அதனால்தான் பிடுங்கினேன். உனக்கு அதை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

எட்டாம் நாள், எட்டுச் சடங்கன்று நீ செங்கலடியிலிருந்து ஒரு புதுப் பற்றரியைத் தோளில் வைத்துச் சுமந்துகொண்டு வந்தாய். ஓட்டோ பிடித்திருக்கலாம். பிடிக்காமல் வலையிறவிலிருந்து நடந்தே வந்தாய். யாரோடும் பேசாமல் அதை நீயே பூட்டினாய். அன்றிலிருந்து இன்றுவரை, நீ படித்து முடித்து, கொழும்பில் வேலை செய்து, அவுஸ்திரேலியா போன பிறகும், பழசாவதற்கு முன்னமே புதுப் பற்றரி ஒன்று வந்து இறங்கும். கடைக்காரன் கொண்டுவந்து, "மகன் சொன்னவர்" என்பான். நான் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். ஐந்து பற்றரி வந்துவிட்டது. ஐந்து தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவைப் பறிகொடுத்தது ஒரு அந்தியில் நான் விட்ட பிழை. இந்த ஐந்து பற்றரியும் அப்படியில்லை. அவை எனக்குத் தெரிந்து, யோசித்து, உனக்குச் செய்தவை. நீ கோபப்படுவதென்றால் அதற்குக் கோபப்படு.

போன வருடம் நீ வேலை செய்கிற தோட்டத்தின் படம் அனுப்பினாய். அப்ரிகொட் என்றாய். மஞ்சள் மாம்பழத்தைச் சின்னதாக்கி வைத்தமாதிரி இருந்தது. "இதுவும் ஜாமுக்குத்தான் அம்மா. ஒரு நாள் பிந்தினா மெதுத்துப் போயிரும்" என்று சொன்னாய். தோட்டத்தை வெறுத்துப் போனவன் அங்கேயும் போய் ஜாமுக்குப் பழம் பிடுங்குகிறான் என்று நினைத்தேன். அங்கே எந்நேரம் வேலை தொடங்கும், வெயில் எப்படி என்று கேட்டேன். எல்லாம் சொல்லிவிட்டு, "இங்க யானை இல்ல அம்மா" என்றாய். நான் "நல்லம்" என்றேன். நீ என்னைக் குத்திக் காட்டுகிறாய் என்று அப்போது நினைத்தேன். வினோதினி சொன்ன பிறகுதான் விளங்கியது, நீ உன்னையே குத்திக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வெட்கமா, பயமா என்று நானும் தேடிப் பார்த்தேன். முதலில் பயம்தான். நீயும் என்னை விட்டுப் போய்விடுவாய் என்ற பயம். சொல்லாமலே நீ போய்விட்டாய். அதன்பிறகு பயமும் இல்லை. ஒன்றும் இல்லாமல் மரத்துப் போயிருந்தது. மரத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாதல்லவா, அப்படி. காலையில் எழும்புவேன், மரத்துக்குத் தண்ணீர் விடுவேன், காய் பிரிப்பேன், படுப்பேன். நான் துக்கத்தில் இருக்கிறேன் என்று சனம் சொன்னது. துக்கம் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.

கலியாணம் கட்டப் போகிற உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வினோதினியோடு நீ சண்டை பிடிப்பாய். எல்லோரும் பிடிப்பார்கள். பிடி. முகத்தைத் திருப்பிக்கொண்டும் இரு. ஆனால் அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா, எங்கே போகிறாய் என்பதை, முகத்தைத் திருப்பிக்கொண்டே என்றாலும் சொல்லிவிடு. அவளையும் சொல்லச் சொல்லு. யார் முதலில் வாய் திறந்தது என்பது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. நான் அதை அப்படி எண்ணினேன். பிள்ளை பெறப் பயப்படாதே. நீ ஒருவரையும் கைவிட்ட ஆள் இல்லை. கடல் குளிக்கப் போன இருபத்தொரு வயதுப் பொடியன், அவ்வளவுதான். அதை உன் அப்பாவே சிரித்துக்கொண்டு விட்டார். அந்தச் சிரிப்பையும் ஒன்பது வருடம் உனக்குத் தராமல் வைத்திருந்தேன்.

நேற்று மண்டூருக்குப் போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது கண் மங்கல். யார் வந்தது என்று கேட்டார். "நான்தான் அத்தான். அவர் செத்த அண்டைக்கு வேலிய அணைச்சது நான். பற்றரியில ஒண்டுமில்ல" என்றேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு எழும்பி உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "எங்க போறீங்க அத்தான்?" என்றேன். "தெரியா" என்றார். திரும்பவும் கதிரையில் இருந்தார்.

"நான் அவனுக்குச் சொன்னத நீ கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?"

"ஓம்."

"கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாய்."

"ஓம் அத்தான்."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார், பூட்டினார், மறுபடி கழற்றினார். "நீ போ. உன்ட முகத்தப் பாக்க எனக்கு ஏலாமக் கிடக்கு" என்றார். நான் படலையைத் தாண்டும்போது பின்னால் கூப்பிட்டார். "அவனுக்கு எழுதக்குள்ள என்னையும் எழுது. பெரியப்பா சொன்னது பிழையெண்டு எழுது. அவன் வரக்குள்ள நானும் நேரில சொல்லுவன்." எழுதிவிட்டேன்.

இதற்குமேல் என்னிடம் சொல்லாத ஒன்றும் இல்லை. நீ கலியாணத்துக்கு என்னை வரவேண்டாம் என்றாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

அம்மா

பத்திரிகைக்குக் கொடுக்குமுன் இதையும் சேர்க்கிறேன். கடிதத்தை உனக்கு அனுப்பிப் பதினொரு நாள் உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பன்னிரண்டாம் நாள் போன் எடுத்தாய். "ஒம்பது வருசம் அம்மா" என்றாய். அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்தாய். கலியாணத்துக்கு வரும்போது தோட்டத்துக்கு வரமாட்டாய், செங்கலடியில்தான் நிற்பாய் என்றாய். சரி மகன் என்றேன். கடிதத்தைப் பத்திரிகையில் போடச் சொன்னாய். அதற்கும் சரி என்றேன். பிறகு, கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது, ஆனாலும் கேட்டேன். "மகன், மண்டபத்தில நான் எவடத்த இரிக்கிற? தாலிகட்டுக்குள்ள என்னைப்போல புருசன் இல்லாத ஆக்கள் பின்னுக்குத்தானே இரிக்கிறது. பின்னுக்கே இரிக்கன்." அங்கே யாரோ பெட்டி அடுக்குகிற சத்தம் கேட்டது.

"முன்னுக்கு இரிங்க" என்றாய்.